மறு: கேட்45ஏ மரபணு – ‘வளர்ச்சித் தடை’யா, ‘வளர்ச்சித் தேக்க’மா?

குழுவினருக்கு வணக்கம். கேட்45ஏ (GADD45A) என்ற மரபணுவுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு மேலூர் ஐயா எழுதியது:

> ‘வளர்ச்சித் தடை மரபணு 45’ என்று வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கும் புரியும்.

மேலூர் ஐயா சொன்ன பெயர் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மரபணுவைத் தூண்டும் காரணத்தை, மரபணுவின் விளைவாக்கிவிடுகிறது.

இந்த மரபணு முதலில் அகப்பட்டது 1988-இல், சீன ஹாம்ஸ்டரின் சூலகச் செல்களில். ஆய்வாளர் ஆல்பர்ட் ஃபோர்னேஸின் குழுவினர் அச்செல்களில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, எந்தெந்த ஆர்.என்.ஏ. கூடுகிறது என்று தேடினார்கள். கிடைத்தவற்றில் சில, கதிரே படாமல் ஊட்டம் குறைந்து பெருக்கம் நின்றுபோன செல்களிலும் கூடின. அதனால் வந்ததுதான் ‘குரோத் அரெஸ்ட் அண்ட் டி.என்.ஏ. டேமேஜ் இண்டியூசிபிள்’ என்ற அந்த நீளமான ஆங்கிலப் பெயர். வளர்ச்சி நின்றாலும் டி.என்.ஏ. பழுதானாலும் தூண்டப்படும் மரபணு என்பதே அதன் பொருள். அதாவது, பெயரில் உள்ள வளர்ச்சி நிறுத்தம் மரபணுவைத் தூண்டுவது. ‘தடை’ என்று எழுதினால் மரபணுதான் தடுக்கிறது என்று ஆகிவிடும்.

45 என்பது அந்தத் தேடலில் கிடைத்த நகலுக்கு இட்ட எண். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் பெயரில் உள்ள 53 போல இதையும் புரதத்தின் எடை என்று பாடக்குறிப்பில் எழுதிவிட வேண்டாம். இந்தப் புரதத்தில் 165 அமினோ அமிலங்கள்தான். எடை 18 கிலோடால்டன் அளவில் வரும்.

‘ஆனால் அது தடுக்கவும் செய்கிறதே’ என்று ஐயா கேட்பார். செய்கிறது. 1992-இல் தெரிந்த சேதி: அயனியாக்கும் கதிர் பட்டால் பி53 புரதம் இந்த மரபணுவின் மூன்றாவது இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்) போய் அமர்ந்து தூண்டுகிறது. பிறகு கேட்45ஏ புரதம், செல் பிரிவைத் தொடக்கிவைக்கும் ஜோடிப் புரதங்களான சைக்ளின் பி1-ஐயும் சிடிகே1-ஐயும் பிரித்துவைத்து, செல் பிரிவுக்குள் நுழையாமல் அதற்கு முந்தைய ஜி2 கட்டத்திலேயே நிறுத்துகிறது. அதோடு விட்டால் தேவலை. டி.என்.ஏ.வைச் சரிசெய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு, செல்லுக்குள் ஆபத்துச் செய்தி கடத்தும் பி38, ஜே.என்.கே. பாதைகளை முடுக்கி, நிலைமை கைமீறினால் செல்லைச் சாகவும் விடுகிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் குரோமோசோம்கள் நிலைகுலைந்தன, கதிர்பட்டதும் புற்றுநோய் எளிதில் வந்தது என்று 1999-இல் கண்டார்கள். இத்தனையும் செய்வதற்கு ‘தடை’ என்று ஒரு பட்டம் கட்டினால், மற்ற வேலைகள் எங்கே போகும்?

என் முன்மொழிவு: ‘தேக்கப் பழுதுத் தூண்டல் மரபணு’. தடுக்க ஒருவர் வேண்டும். தேங்குவது தானாக நடக்கும். அந்த வேறுபாடுதான் இங்கே நமக்கு வேண்டியது. ரத்தத் தேக்கம், நுரையீரலில் நீர்த் தேக்கம் என்று வார்டில் தினமும் சொல்கிறோமே, குழப்பாதா என்று திருமங்கலம் டாக்டர் அக்கா கேட்டிருந்தார்கள். ‘வளர்ச்சி’ என்ற அடை முன்னால் இருந்தால் குழப்பாது என்றே நினைக்கிறேன். முழுப் பெயரில் ‘வளர்ச்சித் தேக்க’ என்றே போடலாம்; கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

குறியீட்டைத் தமிழாக்க வேண்டாம். தே.ப.தூ. என்றெல்லாம் சுருக்கினால் ஆய்வுக் கட்டுரையைத் தேடும் பிள்ளை எங்கே போய்த் தேடும்? கேட்45ஏ என்றே இருக்கட்டும். (போன பருவத்தில் ஒரு மாணவி அதை ரயில்வே கேட் என்றே நினைத்து, ‘செல் பிரிவதற்கு முன் மூடப்படும் கேட்’ என்று விடைத்தாளில் எழுதியிருந்தாள். மதிப்பெண் போட்டுவிட்டேன்.)

இந்த மரபணு தூண்டப்படும் நிலையைச் சொல்லும் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கு இயற்பியல் பாடநூலில் உள்ள ‘தகைவு’ இங்கே ஒட்டாது. ‘மன அழுத்தம்’ வேறு ஊரெங்கும் புழங்குவதால் ‘அழுத்த’மும் வேண்டாம். ‘செல் நெருக்கடி’ என்கிறேன்.

அன்புடன்,
நாகமலை புதுக்கோட்டையிலிருந்து

—

தம்பிக்கு,

தேக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். நெருக்கடியும் சரி. ‘பழுது’தான் எனக்கு இடிக்கிறது. எங்கள் பக்கம் பழுது என்றால் மோட்டாரைக் கழற்றிப்போடுகிற நிலை, டி.என்.ஏ.வில் ஓர் இழை அறுந்ததற்கு அது பெரிய சொல். ‘சேதம்’ போதாதா? ‘பழுதுபார்ப்பு’ என்ற சொல்லோடு பொருந்துகிறது என்பதற்காகவே பிடித்துக்கொண்டிருந்தால், அப்புறம் ‘சேதம்’ என்று ஏற்கெனவே பட்டியலில் ஏற்றிய சொற்களையெல்லாம் மாற்ற வேண்டிவரும். அக்காவும் சொல்லட்டும், அதுவரை இந்தப் பதிவை முடிக்க வேண்டாம்.

மேலூரிலிருந்து