தாலி கட்டும் நேரத்தில் கேமரா திரையைப் பார்க்கலாமா?

மணவறை ஓரம்:
போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். நான்கு படம் எடுத்தேன். ஃபோகஸ் சரியா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டார். ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு அந்த அக்கா, "நான் எங்கே தம்பி?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சடங்கு நடக்கும்போது திரையைப் பார்க்கவே கூடாது என்பேன்.

பட்டுவேட்டி:
வருத்தம் புரிகிறது அண்ணே, ஆனால் ஒத்துக்கொள்ள முடியாது. பார்க்காமல் விட்டதால் நான் இழந்தது அதைவிட அதிகம். முந்தின இரவு ரிசப்ஷனில் மங்கல் வெளிச்சத்துக்காகக் கூட்டி வைத்த ஒளியுணர்வு, ஐஎஸ்ஓ 6400, அப்படியே இருந்திருக்கிறது, கேமரா தானாக எதையும் மாற்றாத மேனுவல் மோடில். காலையில் வீடியோ விளக்கு வேறு. எண்பது படத்திலும் வேட்டியில் மடிப்பும் இல்லை, கரையும் இல்லை, ஒரே வெள்ளை. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தும் மீட்க முடியவில்லை. முதல் படத்தை இரண்டு நொடி பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மணவறை ஓரம்:
அந்தத் திரையில் என்ன தெரியும் தம்பி? நிறைய கேமராவில் 10.4 லட்சம் புள்ளி என்று போட்டிருப்பார்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி, ஆக 3.5 லட்சம் பிக்சல்கூட இல்லை. எடுத்த படமோ 2.4 கோடி. சின்னதாகப் பார்த்தால் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் இருக்கும். பெரிதாக்கத் தொடங்கினால் என் கதைதான்.

பட்டுவேட்டி:
படத்தை யார் பார்க்கச் சொன்னது? படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் இருக்கிறதே, அந்த ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இருட்டு மண்டபத்தில் திரை பளிச்சென்று ஏமாற்றும், வரைபடம் ஏமாற்றாது. வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தில் குவிந்து நின்றால் வேட்டி போச்சு. ரா எடுத்தாலும் அந்த வரைபடம் கேமரா தானே உருவாக்கும் ஜேபெக் படத்தை வைத்து வருவதால் கொஞ்சம் முன்கூட்டியே பயமுறுத்தும். அதுவும் நல்லதுக்குத்தான்.

முப்பத்தாறு:
பின்னால் திரை வைத்த கேசியோ க்யூவி-10 வந்ததே 1995-இல். அதற்கு முன்னும் கல்யாணப் படம் எடுத்தோம். ஃபிலிம் ரோலுக்கு 36 படம், கழுவி வரும்வரை தூக்கம் வராது. ஆனால் கண் மணவறையை விட்டு நகராது. 2016-இல் லைக்கா, திரையே இல்லாமல் எம்-டி என்று ஒரு டிஜிட்டல் கேமரா விட்டது. அதையும் விலை கொடுத்து வாங்கினார்கள்.

பட்டுவேட்டி:
ஐயா, கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், கூடினாலும் தாங்கும். டிஜிட்டலில் வெளுத்தது வெளுத்ததுதான். உங்கள் காலத்துப் பழக்கம் இந்த சென்சாருக்குப் பொருந்தாது.

முப்பத்தாறு:
அது சரிதான். வெளிச்சத்தை முன்கூட்டியே அளந்து வைக்கும் பழக்கத்தைத்தான் சொன்னேன்.

மணவறை ஓரம்:
அதைக் கேட்டுக்கொள்கிறேன். எடுத்தவுடன் தானாகப் படம் காட்டுவதை அணைத்துவிட்டேன். மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்ததும் வேட்டியை ஒரு படம், ஹிஸ்டோகிராம் ஒரு பார்வை. கெட்டிமேளத்துக்கு அப்புறம் திரை கிடையாது.

பட்டுவேட்டி:
கெட்டிமேளத்தில்தான் வீடியோக்காரர் இன்னொரு விளக்கைப் போடுவார். அப்போது?

மணவறை ஓரம்:
முதலிலேயே போட்டுவிடச் சொல்வேன். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றும் பார்த்து வைத்துக்கொள்வேன்.