கையடக்க கேம் மெஷினும் பழைய ஆட்டங்களும்: மதுரைக்காரர்கள் பட்டதும் பார்த்ததும்

புதூர்க்காரன்:

பழைய ஆட்டங்கள் ஆடுகிற ஆர்36எஸ் மாதிரி கையடக்க மெஷின் புதிதாக வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரித்ததும் மெமரி கார்டை வெளியே எடுங்கள். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அப்புறம் எடுக்கலாம் என்று வைத்தால் அந்த அப்புறம் வரவே வராது. ஒரு நாள் மெஷின் லோகோவோடு நின்றுபோகும். அன்றைக்குத்தான் இந்தப் பதிவைத் தேடி வருவீர்கள்.

எங்கள் தெருவில் அக்கா மகன் ஒன்று வாங்கினான். அதைப் பார்த்து அவன் சேக்காளிகள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்ப்பதால் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது என் வீட்டு வாசலில்தான்.

மெஷின்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. உள்ளே ஆர்கே3326 சிப், 1 ஜிபி ராம், 640க்கு 480 புள்ளிகள் கொண்ட மூன்றரை அங்குலத் திரை. ஃபேமிகாம், மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ, கேம்பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் இதெல்லாம் அதற்குத் தண்ணி பட்ட பாடு. நின்டென்டோ 64 என்றால் மூச்சு வாங்கும். சில ஆட்டம் ஓடும், சில நொண்டும். இதில் பிளேஸ்டேஷன் 2 ஓடும் என்று எவராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வம்பெல்லாம் கார்டில்தான். இந்த விலைக்கு வருகிற மெஷின்களோடு பெரும்பாலும் பெயரில்லாத கார்டைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். மெஷினை இயக்கும் மென்பொருள், ஆட்டங்கள், நாம் சேமித்தது எல்லாமே அதில்தான் இருக்கும். அது படுத்தால் எல்லாம் போச்சு. அதனால் கார்டு ரீடரில் போட்டு, வின்32 டிஸ்க் இமேஜர் மாதிரி ஒன்றை வைத்து, கார்டை அப்படியே ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கார்டைச் செருகியதும் விண்டோஸ் வரிசையாகச் சில டிரைவ் காட்டி, 'இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். உள்ளே லினக்ஸ் பிரிவும் இருக்கிறது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் காலி என்று நினைத்துக் கேட்கிறது. அக்கா மகனின் சேக்காளி ஒருத்தன் பாசக்காரப் பயல். கேட்டதற்கெல்லாம் 'ஓகே' கொடுத்துவிட்டு, "மாமா, கார்டு இப்ப சுத்தமா இருக்கு, ஆனா மெஷின் எந்திரிக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்தான்.

புதுக் கார்டு வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி பஜார் போனேன். கடைத் தம்பி, "மொபைலுக்கா, கேமராவுக்காண்ணே?" என்றான். கேமுக்கு என்றதும் அவன் மேசை டிராயரை இழுத்து அதே மாதிரி மெஷின் ஒன்றை எடுத்துக் காட்டினான். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கான்ட்ரா ஓடுகிறதாம். அவனே சொன்னான்: மென்பொருளுக்குச் சின்னக் கார்டு, ஆட்டத்துக்குத் தனிக் கார்டு. சரியான யோசனை. மெஷினில் இரண்டு கார்டு துளை இருக்கிறது. ஆர்க்ஓஎஸ் என்ற இயக்க மென்பொருளைப் போட்டால் ஆட்டங்களை இரண்டாவது கார்டிலிருந்து எடுக்கச் சொல்லி மெனுவிலேயே மாற்றலாம். இரண்டாவது கார்டை விண்டோஸ் ஒழுங்காகப் படிக்கும். புது ஆட்டம் சேர்க்க முதல் கார்டைத் தொடவே வேண்டாம். கார்டு எந்தக் கடையில் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலை ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, மேலே அச்சடித்த அளவு உள்ளே நிஜமாகவே இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

அடுத்தது திரை. ஆர்36எஸ் என்று ஒரே பெயரில் வந்தாலும் உள்ளே வைக்கிற திரை ஒரே வகை இல்லை. எந்தத் திரை என்று மென்பொருளுக்குச் சொல்வது, 'டிடிபி' என்று முடிகிற ஒரு சின்ன ஃபைல். இது பொருந்தாமல் புது ஆர்க்ஓஎஸ் எழுதினால் விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். அந்தப் பயலின் மெஷினில் அதுதான் நடந்தது. அம்புக்குறி பட்டனை அழுத்தினால் மெனு நகரும் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய கார்டின் 'பூட்' பிரிவில் இருக்கும் டிடிபி ஃபைலை எடுத்துப் புதுக் கார்டில் போட்டால் தீர்ந்தது. ஆனால் அவன்தான் சுத்தமாகத் துடைத்துவிட்டானே! அக்கா மகன் கார்டிலிருந்து எடுத்துப் போட்டோம், ஒத்துவரவில்லை. இன்னொருத்தன் கார்டிலிருந்து போட்டதும் படம் வந்தது. பயல் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

போலி ஆர்36எஸ்ஸும் சந்தையில் உண்டு. வெளியே பார்க்க அச்சு அசல், ஆனால் உள்ளே பலகை வேறு. பலவற்றில் வழக்கமான ஆர்க்ஓஎஸ் ஏறாது. அப்படி மாட்டினால் உள்ளே இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

உசிலம்பட்டி வாத்தியார்:

புதூர்த் தம்பி கார்டைச் சொன்னார், நான் வயரைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மெஷின் செத்துவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டு வந்தான். கடையில் போர்டு போய்விட்டது என்றார்களாம். வாங்கிப் பார்த்தேன். அவன் அப்பா புது போனோடு வந்த சார்ஜர், இரண்டு முனையும் டைப் சி. அதில்தான் ராத்திரி முழுக்கப் போட்டிருக்கிறான், ஒரு சொட்டு ஏறவில்லை.

இரண்டு முனையும் சி ஆக இருக்கும் வயரில் சார்ஜர் கண்ணை மூடிக்கொண்டு மின்சாரம் விடாது. மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால்தான் திறக்கும். மலிவு மெஷின்கள் பலவற்றில் அந்த மின்தடையை வைப்பதில்லை. சில பைசா சாமான்! பழைய மாதிரி ஒரு முனை பட்டையாக நீள்சதுரமாக இருக்கிற வயரில் இந்தக் கேள்வியே எழாது, 5 வோல்ட் நேராக வந்துவிடும். என் பழைய போன் சார்ஜரில் செருகினேன், விளக்கு எரிந்தது. 'ஓம் விதி பரீட்சைக்கு மட்டும் இல்லடா' என்று அனுப்பி வைத்தேன்.

இன்னொன்று. மெஷினில் டைப் சி துளை இரண்டு ஒரே மாதிரி இருக்கும், ஒன்றில் டிசி, மற்றதில் ஓடிஜி என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சார்ஜுக்கு டிசி. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

திருமங்கலம் மாப்ள:

வாத்தியார் சார், அந்த 5.1 கிலோ ஓம் எனக்கும் வேலைக்கு ஆச்சு. நன்றி.

என் கதை முஸ்தஃபா. கடை கடையாக ஆடிய அந்த ஆட்டத்தின் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993இல் கேப்காம் போட்டது. நம்ம ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தனுக்கும் தெரியாது. மஞ்சத் தொப்பி முஸ்தஃபாதான் ஆட்டத்துக்கே பெயர்.

இதை ஏற்றும்போது எல்லாரும் சறுக்குகிற இடம் பெயர்தான். ஜிப் ஃபைல் 'டைனோ' என்ற பெயரில் வரும். அடையாளம் தெரியட்டும் என்று 'முஸ்தஃபா' என்று மாற்றினால் ஓடாது. ஆர்கேட் ஆட்டம், அதாவது கடையில் காசு போட்டு ஆடிய ஆட்டம், ஃபேமிகாம் கேசட் மாதிரி ஒரே ஃபைல் கிடையாது. அந்த ஜிப் உள்ளே இருப்பது பழைய போர்டில் இருந்த ஒவ்வொரு சிப்பின் நகல். எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரி நடிக்கிற மென்பொருள், ஜிப்பின் பெயரை வைத்துத்தான் எந்த போர்டு என்று கண்டுபிடித்து, உள்ளே ஒவ்வொரு சிப்பாகச் சரிபார்க்கும். அதனால் ஜிப்பைப் பிரிக்கவும் கூடாது, பெயரை மாற்றவும் கூடாது. பட்டியலில் அழகாகத் தெரிய வேண்டுமானால் மெனுவில் காட்டும் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பதிப்பும் பொருந்த வேண்டும். மேம் 2003 பிளஸ் என்ற கோர் (ஆட்டத்தை ஓட்டும் எமுலேட்டரைத்தான் கோர் என்கிறோம்) மேம் 0.78 பதிப்பின் ஆட்டத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. எஃப்பிநியோ என்ற இன்னொரு கோருக்குப் புதிய தொகுப்பு. ஒன்றில் ஓடாத ஜிப் மற்றதில் ஓடும். ஃபைல் கெட்டுப்போச்சு என்று அழிக்கும் முன் கோரை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் நாங்கள் காசைக் கொட்டிய கேம் கடை அண்ணன் இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மெஷினை அவர் கையில் கொடுத்து, "அண்ணே, என்னன்னு தெரியுதா?" என்றேன். திரையைப் பார்த்தவர், பின்னால் திருப்பினார், பக்கவாட்டில் தடவினார். "காசு எங்கடா போடுறது?"

செலக்ட் பட்டனைக் காட்டினேன். அழுத்தினால் காசு விழுந்த சத்தம் வரும், அப்புறம் ஸ்டார்ட். அவர் ஒரே ஒரு தடவை அழுத்தினார். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆளை நிற்க வைத்துவிட்டு ஆடினார். அடியும் குதியும் சேர்த்து அழுத்தினால் வருகிற அந்தச் சுழல் அடியைக்கூட அவர் தொடவில்லை, அதற்கு உயிர் குறையும் அல்லவா. முதல் பெரிய வில்லன் வரை போய்விட்டார். நான் பட்டனை அமுக்கிக் காசு ஏற்றிக்கொண்டே ஆடுவதைப் பார்த்ததும், "இப்படி ஆடுனா யாருக்குடா பயம் இருக்கும்?" என்றார்.

அன்றிலிருந்து நானும் மூன்று காசு என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் ஆட்டம் அப்போதுதான் ஆட்டமாக இருக்கிறது.

மேலூர் அக்கா:

திருமங்கலம் தம்பி சொன்ன காசு விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் டிவி கேம்தான், '9999 இன் 1' கேசட். உள்ளே இருந்தது கைவிரல் விட்டு எண்ணுகிற ஆட்டங்கள், அதே ஆட்டம் திரும்பத் திரும்ப வேறு எண்ணில் வரும். அப்படியும் சலிக்கவில்லை. இப்போது ஆயிரக்கணக்கில் ஏற்றிய கார்டைக் கொடுத்தால் என் தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து, பத்து நொடி பார்த்து, மூடிக்கொண்டிருக்கிறான். நான் என் மெஷினில் இருபதுக்குள் நிறுத்திவிட்டேன். பொங்கல் லீவுக்கு வந்த பிள்ளைகள் சண்டை போடாமல் ஆடியது அதில்தான்.

படம் பற்றி யாரும் சொல்லவில்லையே? தம்பி மெஷினில் எல்லாம் திரை முழுக்க இழுத்துவிட்ட படம். நடக்கும்போது எழுத்தும் செங்கல்லும் நெளிகிறது. ஃபேமிகாம் படம் 256க்கு 240. சரியாக இரண்டு மடங்கு ஆக்கினால் 512க்கு 480, இந்தத் திரையின் உயரத்துக்குக் கச்சிதம். பக்கத்தில் கொஞ்சம் கறுப்பு விடும், விட்டுவிட்டுப் போகட்டும். எமுலேட்டர்களை ஓட்டுகிற ரெட்ரோஆர்க் மென்பொருளில் வீடியோ, ஸ்கேலிங், 'இன்டிஜர் ஸ்கேல்' ஆன். கேம்பாய் அட்வான்ஸுக்கு மட்டும் நான் இதைப் போடுவதில்லை. அது 240க்கு 160. இரண்டு மடங்கில் நிறுத்தினால் படம் நடுவில் தீப்பெட்டி மாதிரி நிற்கும், கண்ணுக்கு எட்டாது.

கொஞ்சம் கசப்பான விஷயமும் சொல்கிறேன். எமுலேட்டர் எழுதுவது குற்றம் இல்லை; 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சோனி, பிளேஸ்டேஷன் எமுலேட்டர் எழுதிய கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்திடம் தோற்றது இதில்தான். ஆனால் ஆட்டங்களுக்கும் பயாஸ் ஃபைலுக்கும் (பழைய மெஷினைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) பதிப்புரிமை உண்டு. கார்டில் ஆயிரம் ஆட்டம் ஏற்றி விற்கிறவர் யாரிடமும் அனுமதி வாங்கியிருக்க மாட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இலவசமாகவே விட்டதில் ஆரம்பிக்கலாம். கேவ் ஸ்டோரி 2004இல் ஒரே ஆள் எழுதி இலவசமாகக் கொடுத்தது, அதற்கென்றே ரெட்ரோஆர்க்கில் ஒரு கோர் இருக்கிறது. டூம் ஆட்டத்தின் முதல் பாகம் 1993இலேயே எல்லாரும் பகிரலாம் என்று விட்டதுதான்.

வில்லாபுரம் பையன்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். பிளேஸ்டேஷன் ஆட்டம் ஃபைனல் ஃபேன்டசி 7 ஏற்றினேன், மூன்று டிஸ்க். முதல் டிஸ்க் முடிந்து இரண்டாவதைப் போடச் சொல்லுது. எதைப் போடுறது, எங்கே போடுறது?

புதூர்க்காரன்:

தம்பி, நோட்பேடைத் திற. மூன்று டிஸ்க்கின் ஃபைல் பெயரையும் வரிக்கு ஒன்றாக அடித்து, 'எம்3யு' என்ற முடிவோடு அதே ஃபோல்டரில் சேமி. இனிமேல் டிஸ்க்கைத் திறக்காதே, இந்த எம்3யு ஃபைலைத் திற. கேட்கும்போது ரெட்ரோஆர்க் மெனுவில் 'டிஸ்க் கன்ட்ரோல்' போய், தட்டைத் திறந்து, இரண்டாவது எண் வைத்து, மூடு. மூன்றுக்கும் மெமரி கார்டு சேமிப்பு ஒன்றாகிவிடும், அதுதான் முக்கியம். ஒரு டிஸ்க்கை 'பின்', 'க்யூ' என்று முடிகிற இரண்டு ஃபைலாக வைத்திருந்தால் 'சிஎச்டி' என்ற ஒரே ஃபைலாக மாற்றிக்கொள், இடமும் மிச்சம்.

பெயரை அடிக்கும்போது சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்த்து அடி. லினக்ஸுக்கு அது வேறு இது வேறு. பயாஸ் ஃபைலுக்கும் இதே சட்டம்தான்.

அப்புறம், ஆட்டத்துக்குள்ளேயே சேமித்துவிட்டு மெனு வழியாக வெளியே வா. பட்டனை அமுக்கி மெஷினை நிறுத்தினால் சேமித்தது கார்டுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

வில்லாபுரம் பையன்:

ஓடுதுண்ணே! ஆனா நேத்து முடிச்சதை முதல் டிஸ்க் பெயரிலேயே சேமிச்சிருக்கு, எம்3யு திறந்தா காட்டமாட்டேங்குது.

புதூர்க்காரன்:

சேவ் ஃபோல்டரில் 'எஸ்ஆர்எம்' என்று முடிகிற ஃபைல் இருக்கும். அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எம்3யு ஃபைலுக்கு என்ன பெயர் வைத்தாயோ அதே பெயரை அதற்கும் வை. வந்துவிடும்.