கூலரைத் தூக்கினால் பிராசஸரும் சேர்ந்து வந்தது: உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கிறதா?

சித்தூர்ப்பனை:

யாரிடமும் சொல்லாத கதை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

2022இல் அக்கா மகனுக்கு ஒரு பிசி கட்டிக் கொடுத்தேன். ரைசன் 5 5600, பி450 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. சாமான் எல்லாம் கோயம்புத்தூரில் வாங்கி, வேலந்தாவளம் வழியாகப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தது. மறு வருஷம் சித்திரையில், "மாமா, ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது" என்றான். எங்கள் பாலக்காட்டு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், 40 டிகிரி சர்வசாதாரணம். பிராசஸருக்கும் அதன் மேல் இருக்கிற கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்க்ரூ நான்கையும் கழற்றிக் கூலரைத் தூக்கினேன். கொஞ்சம் பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சடக்கென்று வந்தது, அடியில் பிராசஸரோடு. பிராசஸரைப் பிடித்திருக்கிற சாக்கெட்டின் லீவர் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது, பிராசஸர் என் கையில் இருக்கிறது. ஏஎம்4 என்கிற இந்த ரகச் சாக்கெட்டில் பிசி கட்டியவர்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். அதைக் கூலரிலிருந்து பிரிக்கத் திருகியபோது கை நழுவி மொசைக் தரையில் விழுந்தது. பிராசஸரின் அடியில் மொத்தம் 1331 பின். ஒரு மூலை மட்டும், மழைக்குச் சாய்ந்த நெல்லு மாதிரி ஒரே பக்கம் படுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆசாரி மாமா நகை வேலை செய்கிறவர். வேறு வழி தெரியாமல் அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, சாமணத்தால் ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினார். நான் குனிந்து பார்த்தால், "மூச்சு மேல படுது, தள்ளி நில்லு" என்பார். ரேடியோவைக்கூட அணைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம். கடைசிக்கு முந்தின பின் உடைந்தது. சத்தமே இல்லை. அதை விரல் நுனியில் ஒட்டவைத்துப் பார்த்து, "மேல முலாம்தான்" என்றார். அப்புறம் பழக்க தோஷம், தங்கத்தூள் சேர்க்கிற தட்டில் அதைத் தட்டிவிட்டார். பின் போனதைவிட அவர் அதைத் தட்டில் போட்ட அந்தக் கைதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிசி ஆன் ஆனது. ஆனால் ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் இருக்கிற இரண்டு பாதையில், அதாவது சேனலில், ஒன்று செத்துவிட்டது. இரண்டு ராமையும் உயிரோடு இருக்கிற சேனலின் இரண்டு ஸ்லாட்டில் போட்டுக் கொடுத்துவிட்டேன். 16 ஜிபி என்றுதான் காட்டும், டூயல் சேனல் மட்டும் கிடையாது. "முன்ன மாதிரி கேம் ஓடலையே மாமா" என்கிறான். "வெயில்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பேஸ்ட்பைத்தியம்:

தப்பு உங்கள் மேல்தான் நண்பரே, கோபிக்க வேண்டாம். ஏஎம்4இல் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. கழற்றுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கேம் எதையாவது ஓட்டிப் பிராசஸரைச் சூடாக்க வேண்டும். பேஸ்ட் இளகும். பிறகு பிசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றிக் கூலரை இடதும் வலதுமாக மெதுவாகத் திருகித் திருகிப் பார்க்க வேண்டும். லேசாக நகர ஆரம்பித்த பிறகுதான் தூக்குவது. ஒட்டிக்கொண்டே வந்துவிட்டாலும் கையால் பிய்க்கக் கூடாது. பல் குத்தும் நூலை இடையில் விட்டு அறுத்தால் அழகாக வந்துவிடும். பின் வளைந்தால் ஆசாரியெல்லாம் தேவையில்லை, 0.7 மைக்ரோ டிப் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டால் அதன் மூக்கு பின்னுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். இல்லையென்றால் அதற்கு அடுத்து வந்த ஏஎம்5க்குப் போய்விடுங்கள். அதில் பின் எல்லாம் போர்டு பக்கம். பிராசஸருக்குப் பதில் போர்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அனுபவமா? முதல் பிசியில் கூலர் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டிவிட்டேன். 100 டிகிரி தொட்டுத் தொட்டு அணைந்தது. இரண்டு நாள், பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டினேன்.

களியக்காவிளை டிடிபி:

பார்ட்ஸ் கதை எனக்குத் தெரியாது. நான் தட்டச்சுக்காரன், காலையிலிருந்து ராத்திரி வரை தமிழும் மலையாளமும் அடிக்கிறவன். என் கதை கீபோர்டு.

பழைய கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து வழுக்கை ஆகிவிட்டது. எனக்குக் கவலையில்லை, தமிழ்99 கீபோர்டு அமைப்பில் அடிக்கிறவனுக்கு ஆங்கில எழுத்து எதற்கு? ஜே கட்டையில் இருக்கிற மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் அது ப, பக்கத்தில் க, இடது பக்கம் பெரும்பாலும் உயிரெழுத்து. ஆனால் மகன் கேட்கவில்லை. "அப்பா, மெக்கானிக்கல் வாங்குங்க" என்று கேமிங் கீபோர்டு ஒன்றை வரவழைத்துவிட்டான். சத்தம் போடுகிற ரகமான நீல ஸ்விட்ச், அடியில் ஏழு வண்ண விளக்கு.

வந்த மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார், தம்பியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க. அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார், நான் அடிக்கிறேன். கடை முழுக்க டக்கு டக்கு என்று பட்டாசுச் சத்தம். வண்ணம் மாறி மாறி அவர் சட்டையில் விழுகிறது. தம்பி பெயர் வந்ததும் நிறுத்தினார். "இந்த லைட்டை மட்டும் அணைக்க முடியுமா பிள்ளே?" என்றார். எனக்கு எந்தக் கட்டை என்று தெரியவில்லை. எதையோ அமுக்கினேன், அலை அலையாக ஓட ஆரம்பித்தது. இன்னொன்றை அமுக்கினேன், மின்னத் தொடங்கியது. கடைசியில் பக்கத்திலிருந்த துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் பாதியை மூடிவிட்டு மீதியை அடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது சத்தம் குறைந்த பழுப்பு ஸ்விட்ச், விளக்கு கிடையாது, கட்டைகள் பிபிடி பிளாஸ்டிக். சாதாரண ஏபிஎஸ் கட்டை மாதிரி எண்ணெய் வடிந்து பளபளக்காது. சிவப்பும் போட்டுப் பார்த்தேன். விரல் சும்மா வைத்தாலே எழுத்து விழுகிறது, என் கைக்கு ஆகவில்லை.

முதலமடை மாங்காய்:

அஞ்சலி போஸ்டர் படித்துவிட்டு என் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் மவுஸ் பழையதாகி, ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக விழ ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற குட்டி ஸ்விட்சின் செம்புத் தகடு தளர்ந்து, ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை தொடுகிறது. தெரிந்தும் சும்மா விட்டேன். ஒரு லோடுக்கு சேவ் அமுக்கினேன், இரண்டு பில் ஏறிவிட்டது. வாங்கினவர் போனில் கேட்டது இதுதான்: "ரெண்டாவது லாரி எந்த ரோட்டுல வருது?"

மாற்றாக வாங்கின மவுஸ் டப்பாவில் டிபிஐ (அம்புக்குறி எவ்வளவு வேகமாக ஓடும் என்கிற கணக்கு) எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மண்டியில் அதை வைத்து என்ன செய்வது? அம்புக்குறி திரையை விட்டு ஓடாமல் இருந்தால் போதும், 1000இலேயே வைத்திருக்கிறேன். கைக்கு அடங்குகிறதா, கிளிக் அழுத்தமாக இருக்கிறதா, இரண்டையும் கடையிலேயே பத்து தடவை அமுக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

நகரி தறி:

சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் ஆந்திரச் சித்தூர் ஆள் என்று ஆசையாக வந்தேன். வேலந்தாவளம் என்றதும்தான் பாலக்காட்டுச் சித்தூர் என்று புரிந்தது. சரி, வந்ததற்கு என் கதை.

எங்கள் வீடு தறி ஓடுகிற தெருவில். புது பிசி வந்த வாரம், மகள் குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டாள். "நானா, கடிக்குது" என்றாள். (வீட்டில் தமிழ்தான், அப்பா மட்டும் நானா.) கடையில் கேட்டேன். புதுசுல அப்படித்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கச் சொல்லுங்க என்றார்கள். டெஸ்டரை கேபினெட் ஸ்க்ரூவில் வைத்தேன். எரிந்தது. பிசி ஆஃப், பிளக் மட்டும் சுவரில். அப்போதும் எரிந்தது.

எஸ்எம்பிஎஸ் மேல் தப்பு இல்லை. கரண்ட் நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிகட்ட அதற்குள் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு, லைனிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று. பாடி எர்த்தில் இருந்தால் கசிவது பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230இல் பாதியில், 115 வோல்ட்டில் தொங்கும். ஆம்பியர் ரொம்பக் குறைவு, அதனால் கடியோடு போகிறது. எங்கள் வீட்டு பிளக்பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது, பின்னால் ஒயர் இல்லை. கட்டின காலத்திலிருந்தே இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்தார். "நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு லூப் போட்டுடறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று ஒயரைச் சீவியும்விட்டார். நான்தான் கையைப் பிடித்தேன். வெளியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230உம் கேபினெட்டில் நிற்கும். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி எர்த் எடுத்தோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். மகள் இன்னும் பிசியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

செங்கோட்டைச் சாரல்:

இதுக்கு எதுக்குக் குழி வெட்டணும் அண்ணாச்சி? நல்ல யூபிஎஸ் ஒண்ணு போட்டா சரியாகிவிடும். நான் எட்டு வருஷமாக யூபிஎஸ் இல்லாமல் பிசி ஓட்டியதே இல்லை. ஐப்பசி இடி எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று ஆரியங்காவுக்காரர்களைக் கேளுங்கள். போன முறை இடித்தபோது யூபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேன் கேபிள் வழியாக வந்து போர்டில் நெட் போர்ட்டை மட்டும் கருக்கிவிட்டுப் போய்விட்டது.

நகரி தறி:

எர்த் இல்லாத பிளக்கில் யூபிஎஸ்ஸைச் சொருகினால் யூபிஎஸ்ஸிலிருந்தும் எர்த் வராது. அதே கடி. உங்கள் இடியும் யூபிஎஸ் இருந்தும்தானே வந்தது? இடி மாதத்தில் லேன் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

குமுளி ஏலம்:

நானும் ஒன்று. சொந்தமாகக் கட்டிய பிசி, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. ராமைக் கழற்றி மாட்டினேன், பேட்டரியைக் கழற்றினேன், நடுராத்திரி வரை போராட்டம். காலையில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் அதைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். தேனி கடையில் இருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. "கேபிளை எங்கண்ணே சொருகினீங்க?" என்றான். காட்டினேன். மேலே இருக்கிற ஹெச்டிஎம்ஐயில், அதாவது போர்டில். அவன் கீழே கிராபிக்ஸ் கார்டில் மாற்றிச் சொருகினான், படம் வந்தது. என்னுடையதும் அதே 5600தான். பெயரில் ஜி இல்லாததால் அதற்குச் சொந்தமாகப் படம் காட்டத் தெரியாது. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அதே கதை. காசு வாங்க மாட்டேன் என்றான். வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. திரும்புகிறபோதும் லக்கேஜ் டிக்கெட்.

பேஸ்ட்பைத்தியம்:

பி450இல் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. 5000 வரிசைப் பிராசஸருக்கு, போர்டுக்குள் இருக்கிற பயாஸ் சாஃப்ட்வேர் புதிதாக இருக்க வேண்டும். பழைய ஸ்டாக் போர்டு வாங்கினால் டிஸ்ப்ளேயே வராது. டப்பாவில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில்...

சித்தூர்ப்பனை:

பயாஸ் எல்லாம் அன்றே பார்த்தாகிவிட்டது ஐயா. பென்சில் யோசனைக்கு நன்றி, ஆசாரி மாமாவிடம் சொன்னேன். "பென்சில்ல எதை நிமுத்துவானாம்?" என்று கேட்டார். ஒரு விஷயம். அக்கா மகன் நேற்று என்னமோ ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, சேனல் சிங்கிள்னு காட்டுதே, அப்படின்னா என்ன?" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் எழுதவில்லை.