பணம் போகிறது, ஆர்டர் மட்டும் பெண்டிங்கிலேயே நிற்கிறது

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலாத் தூள் விற்கும் ஓர் அக்காவுக்கு வேர்ட்பிரஸ், அதன் கடை பிளகினான வூகாமர்ஸில் அகப்பக்கம் செய்து கொடுத்தேன். போன வியாழன் ஹோஸ்டிங்கை மாற்றி, முன்னால் இலவச சிடிஎன் (தளத்துக்கு வரும் கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் சேவை) ஒன்றையும் போட்டேன். அன்று பிடித்தது சனி.

வாடிக்கையாளர் எஃப்பிஎக்ஸில் (மலேசியாவின் இணையவழி வங்கிக் கட்டண முறை) கட்டுகிறார், வங்கியில் பணம் கழிகிறது, கடைக்காகப் பணத்தை வாங்கித் தரும் கேட்வே கணக்கிலும் வெற்றி என்றே இருக்கிறது. வங்கிப் பக்கத்திலிருந்து கடைக்குத் திரும்பி வந்தால் ஆர்டர் பணம் கட்டியதாக மாறுகிறது. வராமல் மூடிவிட்டால் பெண்டிங். 60 நிமிடத்தில் வூகாமர்ஸ் தானே ரத்து செய்துவிடுகிறது. நேற்று மட்டும் 4 ஆர்டர். அக்கா வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிளகின்களை அணைத்தேன், தீமை மாற்றினேன், பெர்மாலிங்கை மறுபடி சேமித்தேன், பணம் வந்ததைக் கேட்வே நம் சர்வருக்குத் தெரிவிக்கும் கால்பேக் முகவரியைக் கேஷிலிருந்து விலக்கினேன். பலனில்லை. சர்வர் லாக்கில் கேட்வேயின் கால்பேக் ஒரு வரிகூட இல்லை. "நாங்கள் அனுப்பிவிட்டோம்," அவ்வளவுதான் கேட்வேயின் பதில். சிடிஎன்னின் பாட் (தானியங்கி நிரல்) தடுப்பை அணைத்தால் கால்பேக் உடனே வருகிறது. ஆனால் அணைத்த அரைமணியில் திருட்டு கார்டுகளைச் சோதிக்கும் போலி ஆர்டர்கள் குவிந்தன. கால்பேக்கை மட்டும் விடும்படி அனுமதி விதி எழுதினேன், பாட் தடுப்பு அதை மதிக்கவில்லை.

கால்பேக்குக்கு மட்டும் சிடிஎன் வழியே போகாத தனி சப்டொமைன் வைத்து யாராவது இதைச் சரிசெய்திருக்கிறீர்களா?