தண்டையார்பேட்டைலருந்து செஞ்சிக் கோட்டை: ஒரே நாள்ல ரெண்டு மலையும் ஏறலாமா?

தண்டையார்பேட்டை வாசி:
ஞாயித்துக்கிழமை போயிட்டு ராத்திரியே திரும்பணும். பஸ்தான். கூட அம்மா வராங்க, 62 வயசு, முட்டி வலி. பையனுக்கு 12. ராஜகிரி, கிருஷ்ணகிரி ரெண்டும் ஏறியே ஆவணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நடக்குமா? எங்க பஸ் ஏறணும்?

கல்மதில்:
ரெண்டும் வேணாங்க. ராஜகிரி கிட்டத்தட்ட 800 அடி. ஏற ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம், மேல சுத்த அரை மணியாவது வேணும். மதியம் 3 மணிக்கு மேல ஏற விடமாட்டாங்க, 5 மணிக்கு கோட்டையே மூடிடும். நீங்க காலைல 7 மணிக்கு வீட்டை விட்டா செஞ்சி போய்ச் சேரவே பதினொன்றரை. அந்த வெயில்ல கருங்கல் படி கொதிக்கும், பாதில உக்காந்துடுவீங்க. விடியக்காலை பீச் ஸ்டேஷன்ல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி வண்டலூர்ல இறங்குங்க. அங்கருந்து கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பக்கம். திருவண்ணாமலை பஸ்ல ஏறுங்க, செஞ்சி வழியான்னு கேட்டுட்டு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுலருந்து கோட்டை 2 கி.மீ., ஆட்டோ கிடைக்கும்.

மூலக்கடை:
வடசென்னைக்காரங்க கிளாம்பாக்கம் வரைக்கும் அலையணும்னு இல்ல. மாதவரத்துலருந்தும் திண்டிவனம் வழியா திருவண்ணாமலை வண்டி விடுறாங்க. எண்ணிக்கை கம்மிதான். அதுக்காகவே காத்துக் கிடக்காம திண்டிவனம் போற எதுலயாவது ஏறிடுங்க, அங்க மாறினா செஞ்சி 28 கி.மீ.தான்.

அம்மாவை மலைக்கு இழுக்காதீங்க. அடிவாரத்துலயே ரெண்டு மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கு. கல்யாண மகால்ல சதுர முற்றம், நடுவுல அடுக்கடுக்கா கோபுரம். மேல் அடுக்கு வரைக்கும் சுடுமண் குழாய்ல தண்ணி ஏத்தியிருக்காங்க. பக்கத்துல நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம். எல்லாம் சமதளம். வெங்கடரமணர் கோயிலையும் விட்றாதீங்க. அங்க இருந்த தூண்களைத்தான் பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனாங்க. அந்த ஊர் பீச்ல காந்தி சிலையைச் சுத்தி நிக்கிறது அதுதான்.

தண்டையார்பேட்டை வாசி:
நன்றிங்க. அப்ப ஒரு மலைன்னா எது? பையனுக்குப் பீரங்கி, அகழின்னா உசுரு.

கல்மதில்:
சந்தேகமே இல்ல, ராஜகிரி. உச்சிக்கு முன்னாடி பாறை ரெண்டா பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அன்னிக்கு அதுமேல இழுபாலம். பாலத்தை எடுத்துட்டா மேல போக வேற வழியே கிடையாது, கையளவு ஆளுங்க இருந்தாலே தாங்கிடலாம். 1677-ல சிவாஜி பிடிச்ச கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் 1690-லருந்து இங்க இருந்துதான் மொகலாயப் படையை எதிர்த்தாரு. கோட்டை விழுந்தது 1698-ல. பையனை இப்ப அங்க இருக்கற பாலத்துல நிக்கவெச்சு கீழ பாக்கச் சொல்லுங்க, அத்தனை வருஷம் தாங்கினதுக்குக் காரணம் தானா புரியும். பீரங்கியும் உச்சிலயே இருக்கு.

கிருஷ்ணகிரி ரோட்டுக்கு அந்தாண்ட. உயரம் கம்மி, முக்கா மணில ஏறிடலாம். ஆனா ராஜகிரிலருந்து இறங்கின கால் அதுக்கு ஒத்துழைக்காது.

எருக்கஞ்சேரி:
குரங்கைப் பத்தி யாரும் சொல்லலையே. பிளாஸ்டிக் கவர் கையில தொங்கினா போச்சு, உள்ள என்ன இருந்தாலும் பிடுங்கும். ஜிப் வெச்ச முதுகுப்பை மட்டும். சாப்பாட்டைப் படில பிரிக்காதீங்க. மேல கடை எதுவும் கிடையாது, ஏர்றவங்க தலைக்கு 2 லிட்டர் தண்ணி எடுத்துக்கங்க. செருப்பு வேணாம், ஷூ. ஏர்றப்ப மூச்சு வாங்கும், அவ்ளோதான். விழறதெல்லாம் இறங்கறப்பதான், படி தேஞ்சு வழவழன்னு இருக்கும். மழை பேஞ்ச மறுநாள்னா தள்ளிப் போட்டுடுங்க.

15 வயசுக்குள்ள டிக்கெட் இல்ல, பையனோட ஆதார் நகல் வெச்சுக்கங்க. பெரியவங்க டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கிருஷ்ணகிரி வாசல்லயும் அதையேதான் கேப்பாங்க.