அதிகாரி மீது மனு கொடுத்தேன், வக்கீல் நோட்டீஸ் வந்தது

காங்கேயம் பக்கத்து விவசாயி:
2022இல் நானும் தம்பியும் தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டோம். உட்பிரிவு செய்து பட்டா மாற்ற, எங்கள் பகுதி சர்வேயர் எட்டாயிரம் கேட்டார். நான்கு மாதம் நடந்து அலுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். அதோடு நின்றிருக்க வேண்டும். மனுவின் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இவன் ஊரையே கொள்ளையடித்து வீடு கட்டியவன்" என்று மேலே ஒரு வரியும் சேர்த்தேன்.

மூன்றாம் வாரம் பதிவுத் தபாலில் சர்வேயரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மானநஷ்டம் ஐந்து லட்சம், தவறினால் குற்ற வழக்கு. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "காட்டை விற்றா கட்டுவாய்?" என்று கேட்டபடியே இருந்தார்.

ஈரோட்டில் ஒரு மூத்த வக்கீலைப் பார்த்தேன். மனுவையும் வாட்ஸ்அப் வரியையும் தனித்தனியாக வைத்துப் பேசினார். "தம்பி, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவதூறு ஆகாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499ஆம் பிரிவின் எட்டாவது விதிவிலக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் உங்கள் ஊர்க் குழுவில் யாருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது? அவர் வீடு கட்டிய பணத்துக்கு உங்களிடம் என்ன ஆதாரம்?" என்னிடம் பதில் இல்லை. நல்லெண்ணம் என்றால் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருந்தால் போதாதாம். உரிய கவனத்தோடு விசாரித்திருக்கவும் வேண்டுமாம். 1994இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக்காட்டினார்: கடமை சார்ந்த செயலை விமர்சித்தால், அது பொய் என்பதோடு உண்மையைப் பொருட்படுத்தாமல் சொன்னது என்றும் காட்டினால்தான் அதிகாரி நஷ்டஈடு கேட்க முடியும். அது சிவில் வழக்குக்கு. குற்ற வழக்கில் இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் தண்டனை உண்டு.

அந்த வரியை நீக்கி, அதே குழுவில் வருத்தம் தெரிவித்தேன். மனுவை மட்டும் திரும்பப் பெறவில்லை. பணம் கேட்டது உண்மை. கேட்ட நாளும் இடமும் அதில் இருந்தன. வழக்கு வரவில்லை. தை மாதம் பட்டா வந்தது.

கோபியிலிருந்து ஓர் அக்கா:
உங்கள் அம்மாவை நினைத்தால் மனம் கனக்கிறது தம்பி. எங்கள் ரேஷன் கடையில் 20 கிலோ அரிசி வீட்டுத் தராசில் பதினெட்டரைதான் இருந்தது. "திருடுகிறார்" என்று நான் எழுதவில்லை. மூன்று மாதம் நிறுத்துப் பார்த்து, தேதியும் எடையும் மட்டும் குறித்து வட்ட வழங்கல் அலுவலருக்குக் கொடுத்தேன். இருப்புப் பதிவேட்டின் நகலைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் முன்பே கேட்டிருந்தேன். "பொய்ப் புகார் என்று உங்கள் மேல் கேஸ் போடுவேன்" என்று விற்பனையாளர் மிரட்டினார். தெரிந்தே பொய் சொன்னால்தான் பொய்ப் புகார் பிரிவு பாயும். என் நோட்டில் இருந்தது எடை மட்டுமே.

காங்கேயம் பக்கத்து விவசாயி:
அக்கா, 2024 ஜூலை முதல் இந்த அவதூறுப் பிரிவு, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகிவிட்டது. எட்டாவது விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. மனு எழுதப் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சென்ற வாரம் பக்கத்துத் தோட்டத்து மாமா தன் மனுவைக் கொண்டுவந்தார்; அதிலிருந்த மூன்று வசைச் சொற்களை அடித்துவிட்டு, அவர் அலுவலகத்துக்கு நடந்த ஏழு தேதிகளை எழுதிக் கொடுத்தேன்.