ஜாப் காமிக்ஸ் முதல் இதழ்: எத்தனையாவது அச்சு என்று யாராவது பார்த்துச் சொல்வீர்களா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் (பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனியாக வெளியிட்டவை) சேர்க்கிறவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். (வயது வந்தவர்களுக்கான சமாச்சாரம், சின்னவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

ஓவியர் ராபர்ட் கிரம்ப்பின் ஜாப் (Zap) முதல் இதழ் கிடைத்திருக்கிறது. 1968-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் (Haight) தெருவில் குழந்தை வண்டியில் வைத்து விற்றார்களே, அதேதான். முதல் அச்சு என்றால் பின்னட்டையில் அச்சிட்டவர் சார்லஸ் பிளைமெல் என்று இருக்கும். இரண்டாம் அச்சில் அந்த இடத்தில் பதிப்பாளர் டான் டோனஹ்யூ பெயர். என் பிரதியில் சொல்லிவைத்த மாதிரி அந்த இடம்தான் கிழிந்திருக்கிறது! அசல் முதல் அச்சு வைத்திருப்பவர்கள் அட்டையையும் உள்தாளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட்டால், நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இன்னொன்று, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. பின்னைக் கழற்றலாமா, அப்படியே விடலாமா? கழற்றினால் மதிப்பு குறையும் என்கிறார்கள். விற்கிற எண்ணமில்லை, தாள் பிழைத்தால் போதும்.

முழு ஸ்கேன் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், காப்புரிமை இன்னும் இருக்கிறது. பண்டமாற்று என்றால் சரி: பிஜூ ஃபன்னீஸ் (இதுவும் அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ்தான்) முதல் இதழ் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது.